இரவு ஷிஃப்ட்: பகலில் நாலு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிற்பதில்லை

கேள்வி: வேலை இரவு 10 முதல் காலை 6 வரை. 7 மணிக்குப் படுத்தால் 11 மணிக்கே முழிப்பு. அதிகாலை 4 மணிக்குக் கண் சொக்குகிறது. எதை மாற்றலாம்?

பதில் 1: முதலில் வெளிச்சம். வீடு திரும்பும்போது கண்ணில் படும் வெயில்தான் உடம்பை விழிக்கச் சொல்கிறது. கறுப்புக் கண்ணாடி போடுங்கள் (தூக்கம் சொக்கினால் வண்டியே எடுக்காதீர்கள்). அறையில் கையை நீட்டினால் விரல் தெரியக்கூடாது. ஜன்னலை மூடினாலும் திரையின் ஓரத்தில் ஒரு கோடு கசியும். அதைச் சுவரோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

பதில் 2: காபி? குடித்த காஃபீனில் ஏறக்குறைய பாதி 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். 7 மணிக்குப் படுப்பவர் இரவு 1 மணிக்கு மேல் தொடவேண்டாம். 4 மணி வாக்கில் உடல் வெப்பம் மிகவும் இறங்கியிருக்கும், அதனால்தான் அந்தச் சொக்கல். இடைவேளையில் 20 நிமிடம் கண்ணயருங்கள். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து எழ நேரும், தலை மந்தமாகிவிடும்.

பதில் 3: 11 மணிக்கு முழிப்பு வந்தால் புரண்டுகொண்டு கிடக்காதீர்கள். மாலை 7 முதல் 8.30 வரை இன்னொரு தூக்கம் போடுங்கள், கணக்கு ஓரளவு நேராகும். லீவு நாளில் இரவு 10 மணிக்கே படுப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. அன்று அதிகாலை 3 முதல் 11 வரை தூங்குங்கள். வேலைநாள் தூக்கத்தோடு 4 மணி நேரமாவது ஒத்துப்போகும்.