தோட்டத்துச் சாளையில் 4ஜி நிற்பதே இல்லை, என்ன செய்யலாங்க?

காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். சுற்றிலும் தென்னை. சிம் போட்ட ரவுட்டர் ஜன்னலில் இருக்கிறது, ஒரு கோடுதான். மகள் பாடம் இறக்க, இருட்டில் கட்டுத்தறி தாண்டிப் போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறுகிறாள். பாம்பு நடமாடும் இடம், மனசு பதறுதுங்க.

பதில்: ரவுட்டரில் ஆர்எஸ்ஆர்பி, அதாவது சிக்னல் பலம், எவ்வளவுங்க? 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலை தென்னை மட்டையில் நிறைய அடிபடும், 850 கொஞ்சம் தாங்கும்.

கேட்டவர்: ஜன்னலில் மைனஸ் 117, தொட்டி மேல் மைனஸ் 98.

பதில்: அப்புறம் என்னங்க! மைனஸில் எண் சின்னதானால் சிக்னல் பலம் கூடுதல்னு அர்த்தம். மழை படாத பெட்டியில் ரவுட்டரைத் தொட்டி மேல் வையுங்க. அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிள். 100 மீட்டர் வரை இழுக்கலாம். இடி மழைக்கு மட்டும் கழற்றிடுங்க.

கேட்டவர்: 60 மீட்டர்தான் வரும். நாளைக்கே ஒயர் வாங்குகிறேங்க.