கறிவேப்பிலையில் புழு, வண்ணத்துப்பூச்சியும் வேண்டும்: என்ன செய்யலாம்?

மாடிவாசி (மதுரை):
மொட்டை மாடியில் இட்லிப்பூ, ஜின்னியா, செண்டுமல்லி இருக்கு. வண்ணத்துப்பூச்சி வருது, தேன் குடிச்சதும் போயிடுது. இங்கேயே பெருக என்ன செடி வைக்கணும்? இன்னொண்ணு, கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இலையைக் காலி பண்ணுது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

வேலியோரம்:
அடிக்காதீங்க, நீங்க தேடுற வண்ணத்துப்பூச்சியே அதுதான்! எலுமிச்சை, கறிவேப்பிலையில் முட்டையிடும் இனத்தோட இளம்புழு. கடைசித் தோல் உரிச்சதும் பச்சையாயிடும். சீண்டினா தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி செம்மஞ்சள் கொம்பு நீட்டும், ஒரு நாத்தம் வரும். அவ்வளவுதான், கடிக்காது.

பச்சையான பிறகுதான் அசுரத் தீனி. இரண்டடிச் செடி மூணு நாலு புழுவுக்கு மேல தாங்காது. அதனால 15 அங்குலப் பையில் இன்னொரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ புழுவுக்குன்னே வைங்க. சமையல் செடிக்குக் கொசுவலை. மூடுறதுக்கு முன்னாடி துளிர்களைப் பாருங்க, கடுகைவிடச் சின்னதா வெளிர்மஞ்சள் முட்டை இருக்கும். நாலு குச்சி நட்டு வலையைத் தூக்கிக் கட்டுங்க. இலையைத் தொட்டுக்கிட்டிருந்தா வலைக்கு வெளியே நின்னே முட்டை வெச்சுடும்.

புழுவை இடம் மாத்தும்போது பிடிச்சு இழுக்கக் கூடாது, பட்டிழையில் கால் ஊன்றியிருக்கும். இலையோடு கிள்ளி மத்த செடியில் வைங்க.

தகரைச்செடி:
பூ விருந்தாளியைத்தான் கூட்டிவரும். குடியிருக்கப் புழுவுக்கு இலை வேணும். எருக்கு வெச்சா வெந்தய வரியன்ங்கிற வண்ணத்துப்பூச்சி வரும். எருக்கைப் பிடுங்கி நட்டா ஆணிவேர் அறுந்து வாடும், விதைதான் சரி. பால் கண்ணில் படாம பார்த்துக்கணும், சின்னப் பிள்ளைங்க இருந்தா மாடியில் வேண்டாம்னே சொல்வேன். ஆடுதீண்டாப்பாளை தொட்டிக்கு ரொம்பத் தோது, சிவப்பு உடம்புள்ள கருப்பு அழகிகள் வரும். மஞ்சள் பூச்சிகளுக்கு ஊசித்தகரை, நாம களைன்னு பிடுங்கிப் போடுறதுதான்.

நர்சரிச் செடியில் சாறில் ஊடுருவும் மருந்து அடிச்சிருந்தா அதைத் தின்ன புழு செத்துடும். கழுவினாலும் போகாது. விதை போட்டு வளர்க்கச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மாடிவாசி:
நன்றி. எருக்கில் மஞ்சளா அசுவினி (சாறு உறிஞ்சுற சின்னப் பூச்சி) மொய்ச்சா? சோப்புத் தண்ணி?

வேலியோரம்:
சோப்பு புழுவையும் சேர்த்துக் கொல்லும். முட்டை, புழு இல்லாத இலையில் மட்டும் தண்ணியைப் பீய்ச்சுங்க, மத்த இலையில் அசுவினியை மட்டும் விரலால் வழிச்சுடுங்க. அடுக்கு செண்டுமல்லிக்குப் பதில் ஒற்றை இதழ் வகை போடுங்க, அடுக்கில் தேனுக்கு வாய் எட்டாது. ஒரு தட்டில் செம்மண் ஈரமா வெச்சு ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டா ஆண் பூச்சிங்க உறிஞ்ச வரும்.

தகரைச்செடி:
காய்ஞ்ச குச்சியை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க. கறிவேப்பிலைப் புழுவோட கூட்டுப்புழு குச்சி நிறத்துலயே பழுப்பா, இடுப்பில் ஒரு நூல் கட்டி ஒட்டியிருக்கும். பழுப்புன்னா செத்ததுன்னு அர்த்தமில்லை. பக்கவாட்டில் வட்டமா ஓட்டை இருந்தாதான் குளவி தின்னது.