படம் வந்தால் பணம் போய்ச் சேர்ந்ததாக அர்த்தமா?

கணக்குப்பிள்ளை:
இந்த மன்றத்தின் பூசைக் காணிக்கை இழையில் மெழுகுதிரி போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "குருவாகப் படிக்கும் ஏழை நாட்டுக் குருமாணவர் ஒருவரைத் தத்தெடுத்துப் படிப்புச் செலவை ஏற்றால் அவர் படம் வரும், கடிதம் வரும், நாம் கொடுப்பது முழுக்க அவருக்கே செலவாகும்." அதற்குக் கைதட்டல் வேறு. படம் வருவதற்கும் பணம் அவருக்கே செலவாவதற்கும் என்ன சம்பந்தம்?

குருமாணவர்கள் தங்கிப் படிக்கும் குருமடத்தில் எல்லாம் ஒரே உலை. சாப்பாடு, மின்சாரம், பேராசிரியர்களின் படி, நூலகம், மருந்து, ஒழுகும் கூரை. மாணவர் முப்பது பேரானாலும் அறுபது பேரானாலும் விவிலியம் கற்பிக்க ஆள் ஒருவர் வேண்டும். ஏழை நாட்டுக் குருமடங்களுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான புனித பேதுரு திருத்தூதர் சங்கம் செய்வதைப் பாருங்கள். எந்த வகுப்பில் எத்தனை பேர், போன வருடம் வரவு செலவு என்ன என்று குருமட அதிபர் எழுதுகிறார், ஆயர் (பிஷப்) வழியாக ரோமுக்குப் போகிறது. அங்கே ஆண்டுக்கொருமுறை கூடும் சங்கத்தின் தேசிய இயக்குநர்கள் ஒப்புதல் தந்தபின் பணம் குருமடத்துக்கு மானியமாக வருகிறது. தலையை எண்ணுகிறார்கள். தலைக்குப் பெயர் ஒட்டுவதில்லை.

மெழுகுதிரி:
கணக்குப்பிள்ளை ஐயாவுக்குத் திருச்சபைச் சட்டம் 1267 மூன்றாம் பத்தி தெரிந்திருக்குமே? விசுவாசிகள் குறித்த நோக்கத்துக்குக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம். பெயரும் படமும் போட்டு வாங்கினால் அந்தப் பெயர்தான் நோக்கம்.

வரலாறும் கொஞ்சம் பாருங்கள். 1889-இல் நாகசாகி ஆயர் கூசேன், மாணவர்கள் இருக்கிறார்கள், படிக்கவைக்கக் காசில்லை என்று எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான் பிரான்சின் கான் நகரில் ஸ்தெஃபானி பிகார்டும் மகள் ஜான் பிகார்டும் இந்தச் சங்கத்தையே தொடங்கினார்கள். குளிர்ந்த கணக்கேட்டைப் பார்த்து யாரும் சொத்தை விற்றதில்லை.

கணக்குப்பிள்ளை:
1267-ஐ எடுத்ததற்கு நன்றி, நானே எடுக்க இருந்தேன். நோக்கம் குருமாணவர் கல்வி. படம் நோக்கமல்ல, படம் விளம்பரம். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். "குருமாணவர் கல்விக்கு" என்றா, இன்னார் பெயருக்கு என்றா?

1922-இல் போப் பதினொன்றாம் பத்திநாதர் (பயஸ்) பேதுரு சங்கத்தைப் பாப்பிறைச் சங்கமாக, அதாவது போப்பின் சங்கமாக, உயர்த்தினாரே, எதற்கு? இந்தக் குருமடத்துக்குப் புரவலர் கிடைத்தார், அந்தக் குருமடத்துக்குக் கிடைக்கவில்லை என்ற நிலை வேண்டாம் என்றுதான் பொதுநிதி. சிரித்த முகம் உள்ளவனுக்குப் புரவலர் சீக்கிரம் கிடைப்பார். கேமராவைப் பார்த்து முறைப்பவனுக்குக் குருவாகும் இறையழைத்தல் இல்லையா?

பனைமரத்தடி:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். எத்தனை வருடத்துக்குக் கொடுக்கிறோம்? ஆறு வருடம் என்று துண்டறிக்கைகளில் போடுகிறார்கள். சட்டம் 250 சொல்லும் ஆறு, மெய்யியல் இரண்டும் இறையியல் நான்கும் மட்டும். 2016 டிசம்பரில் வந்த குருத்துவப் பயிற்சி விதித்தொகுப்பு அதற்கு முன்னால் தயாரிப்புக் காலம் ஒரு வருடமாவது வேண்டும் என்கிறது. கடைசியில், குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டராக (டீக்கன்) ஒரு பங்குக் கோயிலில் இருக்கும் காலம், குறைந்தது ஆறு மாதம். குறைந்தபட்சமே ஏழரை வருடம், எட்டைத் தொட்டுவிடும். ஆறோடு புரவலர் கைகழுவினால் மிச்சத்தை யார் தருவது?

மெழுகுதிரி:
ஆறா எட்டா என்பது இங்கே கேள்வியே இல்லை, தம்பி. போன மாதம் திருவழிபாட்டு இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள்.

பனைமரத்தடி:
அந்த இழையில் நான் சொன்னதுதான் சரி என்று பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. அதை மட்டும் மறந்துவிட்டீர்கள்.

வடக்குக்காற்று:
படிக்கவைத்து என்ன? குருப்பட்டம் வாங்கியதும் பணக்கார நாட்டுப் பங்குக் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். ஏழை நாடு வளர்த்த பிள்ளை, பணக்கார நாட்டுக்கு ஊழியம். நன்கொடை திரும்பி வந்துவிட்டது, வட்டியோடு!

கணக்குப்பிள்ளை:
அது வேறு இழைக்குரியது. ஆனாலும் சொல்கிறேன்: மறைபரப்பு நாடுகளின் மறைமாவட்டக் குருக்கள் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதியைச் சேர்ந்தவர்கள்) வெளிநாட்டில் தங்குவது பற்றி 2001-இல் ரோமிலிருந்து தனி அறிவுறுத்தலே வந்தது. அனுப்பும் ஆயரும் ஏற்கும் ஆயரும் எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும், படிப்பு முடிந்தால் திரும்ப வேண்டும். கடைப்பிடிக்காததற்குக் காரணம் பணம் கொடுத்தவர் அல்ல, கையெழுத்துப் போட்டவர்.

இனி இன்னொரு கேள்வி. படத்தில் இருக்கும் பையன் மூன்றாம் வருடம் வெளியேறினால் என்ன ஆகும்?

மெழுகுதிரி:
வேறொரு மாணவரை மாற்றித் தருவார்கள். நேர்மையான அமைப்புகள் அதைக் கடிதத்தில் சொல்லிவிடும்.

கணக்குப்பிள்ளை:
பிடித்துக்கொண்டேன்! மாற்றித் தரலாம் என்றால் பெயர் நோக்கமல்ல என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. அழைத்தல் இல்லை என்று உணர்ந்த மாணவன் வெளியேறத் தயங்குகிறான். ஏன்? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் "என் வருங்கால ஃபாதருக்கு" என்று வாழ்த்து எழுதும் ஒருவர் இருக்கிறார். குருப்பட்டத்துக்கு உரிய சுதந்திரம் வேண்டும் என்கிறது சட்டம் 1026. சுதந்திரமாக வருகிறேன் என்று சொந்தக் கையால் எழுதித் தரச்சொல்கிறது 1036. எட்டு வருட நன்றிக்கடன் தோளில் உட்கார்ந்திருக்க, அந்தக் கையெழுத்து எவ்வளவு சுதந்திரமானது?

நிர்வாகத்திலும் வம்புதான். மாணவன் கைக்குப் புரவலரின் முகவரி கிடைத்தால் அடுத்த கடிதத்தில் மடிக்கணினி, அதற்கடுத்ததில் தங்கை கல்யாணம். ஒரே பையனுக்கு மூன்று புரவலர், பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் விவரம் தெரிந்த அதிபர்கள் கடிதப் போக்குவரத்தைத் தங்கள் அலுவலகம் வழியாக மட்டும் விடுகிறார்கள். ஒரு குருமடம் வெளியே அனுப்பியவன் இன்னொன்றில் சேர்ந்து, இரண்டு பட்டியலிலும் பெயர் நிற்பதும் உண்டு. முந்தைய அதிபரின் சான்று கேள் என்று 241 சொல்வதைக் கேட்காமல் விட்டதன் பலன். போதாக்குறைக்கு, அறுபது புரவலர்கள் அறுபது தடவை சின்னச் சின்னத் தொகை அனுப்பினால் இடையில் இருக்கும் வங்கி ஒவ்வொரு தடவையும் தன் பங்கை வெட்டும். சேர்த்து அனுப்பினால் ஒரே வெட்டு.

மெழுகுதிரி:
நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. கடிதமே வராத பொதுநிதியில் எவன் எவ்வளவு தின்றான் என்று எப்படித் தெரியும்? படம் இருந்தால் ஒரு கேள்வியாவது கேட்கலாம்: இந்தப் பையன் எங்கே?

கணக்குப்பிள்ளை:
1287 இரண்டாம் பத்தி: கொடுத்த பொருளுக்கு விசுவாசிகளிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கேட்க வேண்டியது கணக்கு, படமல்ல. தணிக்கை அறிக்கை கேளுங்கள். சேர்ந்தவர், வெளியேறியவர், குருப்பட்டம் பெற்றவர் எண்ணிக்கை வருடவாரியாகக் கேளுங்கள். ஒருவர்கூட வெளியேறவில்லை என்று அறிக்கை சொன்னால் உஷார்!

கோயில்மணி:
நிரந்தர நிதி நல்லதில்லையா? முதலைத் தொடாமல் வட்டியில் ஒருவர் படிப்பார், அவர் குருவானதும் அடுத்தவர்.

பனைமரத்தடி:
வட்டி முழுவதையும் செலவழித்தால் விலைவாசி முதலைத் தின்றுவிடும். ஒரு பகுதியை முதலோடு சேர்த்துக்கொண்டே வரவேண்டும். இல்லாவிட்டால் இருபது வருடத்தில் ஒருவர் படிப்புக்கு வைத்த நிதி அவர் புத்தகத்துக்கே போதாது. இந்தியாவுக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றும் பார்க்கவும்: வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி நன்கொடை வாங்கிய அமைப்பு அதை வேறு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. மறைமாவட்டச் சங்கம் வாங்கி, தனியாகப் பதிவான குருமடத்துக்குத் தந்தால் சட்டமீறல்.

வடக்குக்காற்று:
அப்படியானால் பூசைக் காணிக்கையாக அனுப்புங்கள், எளிது.

கணக்குப்பிள்ளை:
குருமாணவன் பூசை வைப்பானா? அது பூசை வைக்கும் குருவுக்குப் போகிற காசு. கிறிஸ்துமஸ் தவிர, ஒருநாள் எத்தனை பூசை வைத்தாலும் ஒரு காணிக்கைதான் அவருக்கு (சட்டம் 951), ஒரு வருடத்தில் வைத்து முடிக்கக்கூடியதற்கு மேல் வாங்கவும் கூடாது (953). இரண்டையும் குழப்பித்தான் போன இழையே நாசமானது.

மெழுகுதிரி:
அந்த இழை நாசமானது யாரால் என்று படித்தவர்களுக்குத் தெரியும். நான் சொன்னதில் மாற்றமில்லை: பெயர் சொல்லி வாங்கினால் பெயருக்கே செலவிட வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
ரசீதில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.

மெழுகுதிரி:
முதலில் "பிடித்துக்கொண்டேன்" என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், பிறகு ரசீதைப் பார்க்கலாம்.