பழைய டிராயர் பெட்டி வாங்கிய கதை, விற்ற கதை

புதுவயல்காரன்:

பழைய சாமான் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, தஞ்சாவூர் படம் எல்லாம் தாண்டி ஒரு கடையின் பின்கட்டில் அந்த டிராயர் பெட்டி நின்றது. 5 டிராயர், பித்தளைக் கைப்பிடி, கடைசல் கால். "பர்மா தேக்குண்ணே, 100 வருஷத்துக்குக் குறையாது, கானாடுகாத்தான் வீட்டுச் சாமான்" என்றார் கடைக்காரர். 38,000 சொன்னதை 31,000க்கு இறக்கிய பெருமையில் உடனே வண்டி பிடித்து ஏற்றிவிட்டேன்.

வீட்டில் என் மனைவி ஈரத்துணியால் டிராயர் உள்பக்கத்தைத் துடைத்தாள். பிழிந்தால் டீத்தண்ணி மாதிரி வடிகிறது. இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை வெள்ளை வெளேரென்று பலகை தெரிந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் வட்ட வாள் போட்ட வளைவுக் கோடு, மூலையில் ஸ்டார் ஸ்குரூ. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் துணியை அலசாமல் அப்படியே முற்றத்துக் கொடியில் போட்டாள். ஒரு வாரம் அது அங்கேயே கிடந்தது. காசு போனதைவிட அந்தத் துணிதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வைகைக்கரை:

நம்ம கதை சின்னது. தேவகோட்டையில் ஒரு வீடு இடித்தபோது வாங்கியது. முகப்பு அசல் தேக்கு, சந்தேகமே இல்லை. முதுகுப் பலகையும் டிராயர் அடியும் ஏதோ மட்டமான மரம் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலையில் பெட்டிக்கு அடியில் கோலமாவு சிந்தின மாதிரி பொடி. கூட்டினேன். மறுநாளும் அதே இடத்தில் அதே அளவு. ராத்திரி காதை வைத்துக் கேட்டால் கிர்ர், கிர்ர். பக்கத்தில் இருந்த என் அம்மாவின் பழைய கட்டிலுக்கும் அது பரவிவிட்டதா என்று இப்போதும் தினம் குனிந்து பார்க்கிறேன்.

உளிச்சத்தம்:

புதுவயல்காரன் அண்ணே, கோபப்படாதீர்கள். நீங்கள் ஏமாந்தது உண்மை, ஆனால் சொன்ன காரணத்தில் ஒன்று தப்பு. வட்ட வாள் கோடு இருந்தாலே புதுசு என்று கிடையாது. பர்மாவில் மோல்மேனிலும் ரங்கூனிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே நீராவியில் ஓடும் மர அறுவை மில் இருந்தது. அங்கே அறுத்து வந்த பலகையில் வளைவுக் கோடு இருக்கத்தான் செய்யும். ஸ்டார் ஸ்குரூ வந்தது 1930களில்தான், அது சரி. அதுவும் ஒன்றிரண்டு இருந்தால் பிற்பாடு யாராவது ரிப்பேர் பார்த்ததாக இருக்கலாம். உங்களைக் காட்டிக்கொடுத்தது சாயம் மட்டும்தான்.

என் அனுபவம் இரண்டு வரி. பள்ளத்தூரில் ஒரு பெட்டி. டிராயர்களை உருவித் திருப்பினால் பின்பக்கம் தமிழ் எண்ணில் ௧, ௨, ௩ என்று உளியால் வெட்டியிருக்கிறது. நாலாவதில் ஒன்றும் இல்லை. விற்க வந்தவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இனிமேல் வாங்குகிறவர்கள் கேளுங்கள். முகப்பைப் பார்க்காதீர்கள், அதற்குத்தான் பாலிஷ் போட்டு வைத்திருப்பார்கள். எல்லா டிராயரையும் வெளியே எடுங்கள். மூலையில் இரண்டு பலகையைப் பல் பல்லாக வெட்டிக் கோத்திருக்கும் புறாவால் பொருத்து எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவாக இருந்தால் மிஷின் வேலை. கையால் வெட்டியதில் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், பக்கத்தில் ஆசாரி கீறிய கோடு. டிராயர் ஓடும் சட்டத்தில் விரலை ஓட்டுங்கள். நூறு வருஷம் இழுத்து மூடியது என்றால் பள்ளம் விழுந்திருக்க வேண்டும், டிராயரின் கீழ் ஓரமும் அதற்கு ஏற்றாற்போல் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது தேயாமல் இருந்தால் இரண்டு பெட்டியை ஒன்றாக்கியிருக்கிறார்கள். கைப்பிடிக்குப் பின்னால் அடைத்த ஓட்டை இருந்தால் பித்தளை மாறியிருக்கிறது. கடைசல் காலின் தடிமனைக் காலிப்பர் என்ற அளவுகருவியால் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, பழைய கால் சரியான வட்டமாக இருக்காது. உள்ளே காற்றுப்படும் இடம் கறுத்தும் படாத இடம் வெளுத்தும் இருக்க வேண்டும். மூலை முடுக்கெல்லாம் ஒரே பழுப்பு என்றால் டீத்தண்ணிதான்.

வைகைக்கரை, உங்களுடையதில் வண்டு இருப்பது வெள்ளைப் பலகையில். தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, அது பெரும்பாலும் தொடாது. முதுகுப் பலகையை மாற்றுங்கள்.

புதுவயல்காரன்:

தம்பி, நான் யோசனை கேட்கவில்லை. காலிப்பரோடு போனால் எந்தக் கடைக்காரர் உள்ளே விடுவார்?

கோட்டையூர் ஆச்சி:

நீங்கள் எல்லோரும் வாங்கினவர்கள். நான் விற்றவள்.

எங்கள் வளவில், அதாவது பங்காளிகளின் பொது வீட்டில், 9 புள்ளி, 9 குடும்பம். ஓடு மாற்றக்கூட ஒருத்தர் சொன்னால் ஒருத்தர் கேட்பதில்லை. கடைசியில் சாமானைப் பங்கு போடுவது என்று முடிவானது. நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கு விட்ட அறையில் இருந்த டிராயர் பெட்டி யார் பங்கிலும் அடங்கவில்லை, அதனால் விற்றுக் காசாக்கினார்கள். உளிச்சத்தம் தம்பி சொன்ன எல்லாம் அதில் உண்டு. பர்மாவிலிருந்து வந்தது மரம்தான், செய்தது எங்கள் ஊர் ஆசாரி என்று மாமியார் சொல்வார்கள். கடைக்காரர் கீழ் டிராயரை உருவியபோது பின்னால் விழுந்து கிடந்த ஒரு கொத்துச் சாவி வந்தது. எதற்கான சாவி என்று சொல்ல ஆள் இல்லை. "வச்சுக்கங்க ஆச்சி" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

8 மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போனோம். தங்கினது பழைய வீட்டை விடுதியாக்கின இடம். வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, மேலே ரோஜாப்பூ ஜாடி. பாலிஷ் பளபளவென்று இருந்ததால் எனக்கு முதலில் தெரியவில்லை. சும்மா மூணாவது டிராயரில் கை வைத்தேன். வரவில்லை. என் கை தானாக இடது பக்கம் கொஞ்சம் தூக்கி இழுத்தது. வந்துவிட்டது. 31 வருஷம் அப்படித்தான் இழுத்தேன்.

அங்கிருந்த பையன் ஓடி வந்து, "மேடம், அதெல்லாம் ஆன்டிக், தொடக்கூடாது" என்றான்.

வைகைக்கரை:

ஆச்சி, திரும்ப வாங்கிவிடலாமே? விலை கேட்டீர்களா?

உளிச்சத்தம்:

நான் சொன்னதில் இது விட்டுப்போனது. பழைய டிராயர் மாட்டிக்கொண்டால் மெழுகுவர்த்தியைச் சட்டத்தில் தேய்த்தால் போதும். இழைக்கவே கூடாது, தேய்மானம் போனால் சாமானின் வயசே போன மாதிரி. 1972 தொல்பொருள் சட்டத்தில்கூட...

புதுவயல்காரன்:

தம்பி, கொஞ்சம் இரு. ஆச்சி சொல்லட்டும்.

கோட்டையூர் ஆச்சி:

கேட்டேன். விற்பனைக்கு இல்லையாம். மூணாவது டிராயர் விருந்தாளிகளுக்குத் திறக்கவில்லை என்று அடுத்த வாரம் ஆள் வைத்து இழைக்கப் போகிறார்களாம். இழைக்க வேண்டாம், இடது பக்கம் கொஞ்சம் தூக்கி இழுக்கச் சொல்லு என்று அந்தப் பையனிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினான். போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.