ரயில் பாதை நடை: போன மாதம் கேட்டதற்கான புதுப்பிப்பு

சிங்கப்பூரில் இப்போது நடைபாதையாக இருக்கும் பழைய ரயில் பாதையை, 24 கிலோமீட்டரையும், அப்பாவோடு ஒரே நாளில் நடந்துவிட முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "இருட்டோடு கிளம்புங்கள், வடக்கிலிருந்து தொடங்குங்கள்" என்று பலர் சொன்னீர்கள். அப்படியே செய்தோம். மிக்க நன்றி.

காலை ஐந்தரைக்குக் கிராஞ்சியில் தொடங்கினோம். ஹில்வியூ வரும்வரை வெயிலே தெரியவில்லை. அப்புறம் புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்கள். அப்பா அந்தக் காலத்தில் இதே பாதையில் ரயிலேறி மலேசியா போனவர். 2011-இல் ரயில் நின்றபின் இங்கே வந்ததே இல்லை. பாலத்தின் நடுவில் நின்று தண்டவாளத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை. அங்குள்ள பழைய ரயில் நிலையத்திலும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

முழுத் தூரமும் முடியவில்லை. புவன விஸ்தா பக்கம் வரும்போது இடி இடிக்கத் தொடங்கியது, அங்கேயே எம்ஆர்டி (நகர ரயில்) ஏறிவிட்டோம். மரங்களுக்கு அடியில் மின்னலோடு விளையாடக்கூடாது, இதில் எனக்கு வருத்தமே இல்லை.

நடக்கப் போகிறவர்களுக்கு: தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுங்கள், எங்களுக்கு ஒன்றரை போதவில்லை. மழைக்கு மறுநாள் சில இடங்களில் சேறு இருக்கும், பழைய காலணி போதும். குரங்குகள் வந்தால் உணவுப் பையை உள்ளே வையுங்கள், எதுவும் கொடுக்காதீர்கள்.

மீதித் தூரத்தை, தெற்கு முனையான தஞ்சோங் பகார் பக்கம்வரை, அடுத்த மாதம் நடக்கிறோம். தேதியை அப்பாவே குறித்துவிட்டார்.