கிராம சபைத் தீர்மான நகல் கிடைக்கல, அடுத்து யார்கிட்டப் போறது?

வணக்கமுங்க. அவிநாசி பக்கம் எங்க ஊர்க் குட்டை ஏழு ஏக்கர். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துல தண்ணி நிரப்பற 1,045 குளம் குட்டைகள்ல இதுவும் ஒண்ணு. குழாய் வந்துருச்சு. ஆனா கரை ரெண்டு எடத்துல ஒடைஞ்சு கெடக்குது, உள்ள முச்சூடும் சீமைக்கருவேலம். தண்ணி எங்க நிக்கும்?

போன ஆகஸ்ட் 15 கிராம சபையில கரையைக் கட்டணும்னு தீர்மானம் போட்டோம். பாதிக்கு மேல பொம்பளைங்க கையெழுத்து, தோட்டத்து வேலையை விட்டுட்டு வந்தவங்க. அக்டோபர் 2 கிராம சபையில கேட்டா "பாத்துக்கலாமுங்க"ன்னாங்க. நோட்டுல தீர்மானம் ஏறுச்சான்னே எனக்குச் சந்தேகம். நகல் கேட்டு ஊராட்சியில மனு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு, கடைசியா தகவல் உரிமைச் சட்டத்துல ஒண்ணு. 30 நாள் தாண்டியும் பதில் இல்ல.

முதல் மேல்முறையீட்டை ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பறதா, மாவட்டத்துக்கா?