தீவனத்தில் பூண்டு, மஞ்சள் கலப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மன்னார்குடி குளத்துக்காரன்:
கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து விட்டிருக்கிறேன். கார்த்திகையில் தண்ணீர் குளிர்ந்ததும் மீன் உடம்பில் சிவப்புத் திட்டு வரும், அப்புறம் புண்ணாகும். அதனால் ஐப்பசியிலேயே பூண்டு கொடுக்க ஆரம்பித்துவிடுவேன். கிலோ தீவனத்துக்கு 10 கிராம். பூண்டைத் தட்டிப் பத்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும். அதன் காரத்துக்குக் காரணமான அல்லிசின், தட்டிய பிறகுதான் உண்டாகிறது. தட்டிய கையோடு கொதிக்கும் கஞ்சியில் போட்டால் அது சரியாக உண்டாகாது. ஆறிய மைதாக் கஞ்சியில் கரைத்து, மிதவைத் தீவனத்தில் பிசறி, மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி நிழலில் உலர்த்துகிறேன். எண்ணெய்ப் பூச்சு இல்லாவிட்டால் பாதி மருந்து தண்ணீரோடு போய்விடும். வைத்தியம் மீனுக்கா, குளத்துக்கா என்றே தெரியாது. புண் குறைந்திருக்கிறது. ஆனால் அதே வருடம் குஞ்சுகளையும் குறைத்துத்தான் விட்டேன், ஆக முழுப் பெயரையும் பூண்டுக்கே கொடுக்க மனசு வரவில்லை.

வேதாரண்யம் இறால்:
எங்களுக்கு வேறு வழியில்லை அண்ணே. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தெல்லாம் தடை. ஏற்றுமதிச் சரக்கில் அதன் மிச்சம் தெரிந்தால் சரக்கே திரும்பிவிடும். அதனால்தான் மூலிகை பக்கம் வந்தோம். மேல்விஷாரம் கல்லூரியில் அருகம்புல் சாற்றைத் தீவனத்தில் கலந்து, வெள்ளைப்புள்ளி வைரஸிலிருந்து புலி இறால் தப்புவதாக 2008இல் ஆய்வு வெளியிட்டார்கள். அதைக் கேட்டு நானும் கொடுத்தேன். தீனி எடுப்பது நன்றாகவே இருந்தது. வைரஸ் வராததற்கு அருகம்புல்தான் காரணமா, நல்ல குஞ்சு வாங்கியதா? ஆய்வகத் தொட்டியில் சொல்லிவிடலாம், குட்டையில் எப்படிச் சொல்வது!

கொள்ளிடக்கரை:
பக்கத்துக் குளத்தில் வேப்பிலையை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். இலை அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிட்டது, விடியற்காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாய் பிளந்தது. மூலிகைதானே, கெடுதல் இல்லை என்ற நினைப்பு. வேம்பு அளவு மீறினால் மீனின் செவுளுக்கே கேடு. புண் வந்த பிறகு என்றால் நான் சுண்ணாம்பு பத்துப் பங்குக்கு மஞ்சள் ஒரு பங்கு கரைத்துத் தெளிப்பதோடு சரி. அண்ணே, தவிடும் கடலைப் புண்ணாக்கும் சாக்கில் கட்டித் தொங்கவிடுகிறேனே, அதில் பூண்டு நிற்குமா?

மன்னார்குடி குளத்துக்காரன்:
நிற்காது தம்பி. சாக்கில் ஊறும்போதே கரைந்துவிடும். பூண்டு கொடுக்கும் நாட்களில் மட்டும் கெட்டியாக உருண்டை பிடித்துத் தட்டில் வைத்து இறக்குங்கள்.